பினாங்கில் அப்பா திருடரானார்

பினாங்கு விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி, என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். "கேம் டிசைன்" என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என் தோளையும் கையையும் ஒருமுறை அளந்துவிட்டு, "என்ன ஆட்டம்? பேட்மின்டனா?" என்றார். ஆடுவது இல்லை, கணினியில் ஆட்டத்தைச் செய்வது, அதில் விதிகள் வகுப்பது, கட்டங்கள் அமைப்பது என்று விளக்க ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால் வரிசை வளர்ந்தது. அவர் முத்திரையைக் குத்திவிட்டு, ஈ ஓட்டுவதுபோல் கையை ஆட்டினார். நான் அப்போதும் பாதித் திரும்பி விளக்கிக்கொண்டேதான் நடந்தேன்.

விழுப்புரத்தில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிறார். வண்டி நின்றதும் முன்படியில் ஏறி, கூட்டத்தைப் பிளந்து விற்று, வண்டி கிளம்புவதற்குள் பின்படியில் குதிக்க வேண்டும். அம்மா பிஞ்சைக் கீறி மிளகாய்ப்பொடி தடவித் தருவார். நான் கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்றவரை இருவருக்கும் பெருமைதான். அதில் விளையாட்டு செய்யப் படிக்கிறேன் என்று தெரிந்ததும் அம்மா, "விளையாடாத விளையாடாதன்னு அடிச்சுப் படிக்க வெச்சா, கடைசியில..." என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கோயம்புத்தூரில் பட்டம் வாங்கியாயிற்று. வேலைதான் வாங்க முடியவில்லை. பினாங்கில் ஒரு சின்ன விளையாட்டுக் கம்பெனி, புது டிசைனர் ஒருவர் வேண்டும், செய்த விளையாட்டோடு நேரில் வா என்று அழைத்தது. இருந்தது ஒரே இடம். கிடைத்தால் நான் டிசைனர். கிடைக்காவிட்டால் சித்தப்பாவின் செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டும் உத்தியோகம் எனக்காகத் துடைத்துவைத்த ஸ்டூலோடு காத்திருந்தது.

தங்கியது பாயான் பாருவில், அமுதா அக்கா வீட்டில். அம்மாவின் பெரியம்மா மகளுடைய மகள். அவர்கள் குடும்பம் ரப்பர் மரம் சீவப் போய், அங்கேயே வேர்விட்டு, இப்போது அடுக்குமாடியில் வந்து நிற்கிறது. அக்காவுக்குப் பக்கத்திலுள்ள மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. அவர் வாயில் அது 'கிலாங்'. மாமா சிவம் வாடகைக் கார் ஓட்டுகிறார்.

"ஏன் லா தம்பி, நாங்க படிக்கிறப்ப விளையாடுனா வகுப்புக்கு வெளிய நிக்க வெப்பாங்க. ஒனக்கு மட்டும் பட்டம் குடுத்து அனுப்பியிருக்காங்க" என்றார் அக்கா, அந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு, தட்டில் மீனை வைத்தபடியே.

"விடு அமுதா, நாளைக்கு இவன் பெரிய பாஸ் ஆயிட்டா ஒன்ன மறந்துடுவான்" என்றார் மாமா.

"இப்பவே என்ன ஞாபகமா வெச்சிருந்தான்? இத்தன வருஷத்துல ஒரு போன் உண்டா?"

தலையைக் குனிந்து மீனைத் தின்றேன். மீன் நன்றாக இருந்தது.

மறுநாள் ஜார்ஜ் டவுனுக்குப் பஸ்ஸில் கிளம்பினேன். ஏறினேன், ஜன்னலோரம் உட்கார்ந்தேன், கண்டக்டர் வரட்டும் என்று கௌரவமாகக் காத்திருந்தேன். வண்டி நகரவில்லை. டிரைவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து மலாயில் ஏதோ கத்தினார். நான் சிரித்தேன். அவர் எழுந்தே வந்துவிட்டார். இந்த ஊர்ப் பஸ்ஸில் கண்டக்டர் என்று ஒரு பிறவியே கிடையாது. டிரைவர் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் சரியான சில்லறையைப் போட வேண்டும். பெட்டி மிச்சம் தராது. என்னிடம் இருந்ததோ ஐம்பது ரிங்கிட் தாள், இங்கே தமிழர் பேச்சில் ஐம்பது வெள்ளி. மொத்தப் பஸ்ஸும் என்னைப் பார்த்தது. முன் சீட்டுச் சீனப் பெண்மணி ஒருவர் பெருமூச்சு விட்டு எனக்காகக் காசு போட்டு, "உட்கார் லா, எனக்கு வேலைக்கு நேரமாகிறது" என்றார். ஊரில் இந்நேரம் நாலு பேர் சேர்ந்து டிரைவரோடு சண்டை போட்டிருப்பார்கள். இங்கே பத்து நிமிஷத்தில் எல்லாரும் என்னை மறந்து போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

வேலை நேர்காணலுக்கு முன்னால் ஒரு கல்லூரிக்குப் போனேன். வேலை கைவிட்டால் மேல்படிப்பாவது இருக்கட்டுமே. சேர்க்கைப் பிரிவில் மீனாள் என்று ஒரு பெண். செட்டிநாட்டுப் பரம்பரை.

"எங்க கொள்ளுத்தாத்தா கப்பலேறி வந்து இதே தெருவுல வட்டிக்கடை வெச்சாரு. நான் கனவுக்கடை வெச்சிருக்கேன். உட்காருங்க" என்றார்.

கடையை விரித்தார். முதுகலையில் கதை அமைப்பு எடுக்கலாம், கட்ட வடிவமைப்பு எடுக்கலாம், ஒலி எடுக்கலாம், திரையில் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டுமே ஒரு வருஷம் படிக்கலாம். விளையாட்டுக் கம்பெனி பிடிக்கவில்லையா? தொழிற்சாலைகளில் புது ஆட்களுக்கு எந்திரம் பழக்கும் மென்பொருள் செய்யலாம். பக்கவாதம் வந்தவர்கள் கையை அசைத்துப் பழக விளையாட்டு செய்து மருத்துவமனைகளுக்குக் கொடுக்கலாம். பாடம் நடத்தலாம். ஆராய்ச்சிக்குப் போனால் டாக்டர் பட்டமே உண்டு.

"டாக்டர்னு சொன்னா எங்க அம்மா முட்டிவலிக்கு மாத்திரை கேப்பாங்க" என்றேன்.

"எழுதிக் குடுங்க. முட்டிவலிக்கு நடக்கிற விளையாட்டு" என்றார் மீனாள் அசராமல்.

பட்டியலின் அடியில், எறும்பு ஊர்வதுபோல் சின்ன எழுத்தில், 'சோதனையாளர்' என்று இருந்தது. என்ன வேலை என்று கேட்டேன். ஒரே கதவை எல்லாக் கோணத்திலும் நாள் முழுக்க முட்டிப் பார்த்து, எந்த முட்டில் கதவு காணாமல்போகிறது என்று கண்டுபிடிக்கும் வேலையாம். நிறையப் பேர் அப்படித்தான் உள்ளே நுழைகிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். பிறகு கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "வேலை கெடச்சா மொதல்ல வேலைக்குப் போங்க. படிப்பு எங்கயும் ஓடிப்போகாது. நான் சொன்னேன்னு மட்டும் இங்க சொல்லிடாதீங்க லா."

வெளியே வந்து நாசி கண்டார் என்ற சோற்றுக்கடை ஒன்றில் நுழைந்தேன். சோற்றை வைத்தவர் கோழிக் குழம்பு ஊற்றினார், மீன் குழம்பு ஊற்றினார், கறிக் குழம்பு, பருப்பு, இன்னும் பெயர் தெரியாத இரண்டு. நான் "போதும்" என்பதற்குள் தட்டில் ஏரி உடைந்திருந்தது. எங்கள் வீட்டில் சாம்பாரும் ரசமும் தொட்டுக்கொண்டாலே அம்மா இலையைப் பார்த்து முகம் சுளிப்பார். இங்கே ஆறு குழம்புகள் ஒரே தட்டில் கட்டிப்பிடித்துக் கிடந்தன. வேர்த்து விறுவிறுத்துத் தின்றேன். கொள்கை எல்லாம் பசி இருக்கும்வரைதான்.

நேர்காணல் அதற்கடுத்த நாள். ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் கம்பெனி. கீழே சோற்றுக்கடை. மேலே ஏறினால் குழம்பு வாசனையில் பத்துப் பன்னிரண்டு பேர் திரையை வெறித்துக்கொண்டிருந்தார்கள். தலைமை டிசைனர் மிஸ் லிம்முக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். ரப்பர் செருப்பு போட்டிருந்தார். நான் இரவல் ஷூவில் நின்றேன்.

என் விளையாட்டின் பெயர் 'வண்டி கிளம்புமுன்'. பஸ்ஸை மேலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும். பயணிகள் எல்லாரும் வண்ண வண்ண வட்டங்கள், வயதானவர்கள் மட்டும் வெள்ளை. நம் ஆளும் ஒரு வட்டம். ஏறி, நெருக்கித் தள்ளி, ஒவ்வொருவரிடமும் போய்க் காசு வாங்கி, வண்டி கிளம்புமுன் குதிக்க வேண்டும். வேறு யார்? அப்பாதான்.

விளையாட்டு இருந்த என் டேப்லெட்டை மிஸ் லிம் கையில் வாங்கினார். அவர் விரல் திரையில் படுமுன்னே நான் ஆரம்பித்துவிட்டேன். "இடதுபக்கம் தள்ளுங்க. அவரில்ல, பக்கத்துல. ஐயோ, வண்டி கிளம்பப்போவுது, இறங்குங்க, இறங்குங்க!"

என் மேல் மட்டும் குற்றமில்லை. எங்கள் ஊரில் கேரம் பலகையில் ஆடுபவர் நாலு பேர் என்றால் அடிக்கச் சொல்லித்தருபவர் பதினாலு பேர். சும்மா நின்று பார்ப்பவனை, உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள்.

மிஸ் லிம் டேப்பை மேசையில் கவிழ்த்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: "விளையாட்டை விற்ற பிறகு ஒவ்வொருவர் வீட்டிலும் போய்ப் பக்கத்தில் உட்காருவாயா? இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஆடும்போது அதைச் செய்தவன் வாயைத் திறக்கக் கூடாது. நீ பேசினால் அவர்கள் உன்னைத்தான் ஆடுகிறார்கள், விளையாட்டை இல்லை. இதைப் பார்த்திராத சிலரிடம் கொடு. அவர்கள் கையையும் திரையையும் போனில் வீடியோவாகப் படம் எடு. வாய் பேசாமல் எடு. திங்கட்கிழமை வா. பிறகு இந்த இடம் உனக்கா என்று பார்க்கலாம்."

இதைக் கேட்ட அமுதா அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டார். "பேசாம இருக்கணுமா? நீயா? ஒங்க வம்சத்துலயே அது கெடையாது லா!" பிறகு ஒரு டப்பாவை எடுத்து வந்தார். ஜாதிக்காயின் சதையைச் சீவிச் சர்க்கரையில் ஊறவைத்துக் காயவைத்தது, இந்தத் தீவின் பேர்போன பண்டம். "ஒரு துண்ட வாயில போட்டுக்க. வாயத் தொறந்தா உறைப்பு தொண்டைக்கு ஏறும்."

அப்படியே, வாயில் ஜாதிக்காயோடு, அக்கரையிலுள்ள பட்டர்வொர்த் போகும் படகில் ஏறினேன். கல்லூரிப் பெண்கள் இருவர், தலையில் முக்காடு. சைகையாலும் அரைகுறை ஆங்கிலத்தாலும் அனுமதி கேட்டு டேப்பைக் கொடுத்துப் படமெடுக்கத் தொடங்கினேன். கடல் காற்று, மல்லிகை நிறத்தில் நுரை, தூரத்தில் பாலம் எல்லாம் இருந்தன. நான் எதையும் பார்க்கவில்லை. ஆடிய பெண் முதலில் தடுமாறினாள். சொல்லத் துடித்தேன். ஜாதிக்காயைக் கடித்தேன். இரண்டாம் ஆட்டத்தில் பிடித்துக்கொண்டாள். மூன்றாவதில் கூவவே ஆரம்பித்தாள். தோழியிடம் அவள் சொன்னதைப் பக்கத்திலிருந்த பெரியவர் எனக்குப் பிறகு மொழிபெயர்த்தார்:

"கூட்டத்துல நெருக்கி நிக்கணும், பாக்கெட்ல கைய விடணும், மாட்டுறதுக்குள்ள குதிச்சு ஓடணும். செம!"

படகு கரை தட்டியது. எல்லாரும் இறங்கியாயிற்று. அவள் டேப்பைத் தரவில்லை. படகு ஊழியர் கத்திக்கொண்டு வந்த பிறகுதான், இன்னும் இரண்டு பாக்கெட் என்று கெஞ்சியபடி கொடுத்தாள். என் அப்பாவைப் பிக்பாக்கெட்டாக்கிவிட்டு, பொன்னான ஆட்டம் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிப் போனாள்.

திரும்பும் படகில் ஒரு சீனத் தாத்தா. அவரும் அதே. "என் பேரனுக்குக் காட்டாதே, கற்றுக்கொள்வான்" என்றார், ஆனால் இறங்கும்வரை விடவில்லை.

படகுத்துறையில் ஓர் இருக்கையில் உட்கார்ந்து என் விளையாட்டை நானே பார்த்தேன். காசைப் பெரிதாக, பளபளவென்று வரைந்திருந்தேன். வெள்ளரிக்காய் ஒரு பச்சைப் புள்ளி. விழுப்புரத்தில் யாருக்கும் அது போதும், பஸ்ஸில் ஏறிக் கூட்டத்தில் நுழைபவன் யார் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பினாங்கில் ஓடும் பஸ்ஸில் ஒருவரும் எதையும் விற்பதில்லை. அங்கே முண்டியடித்து ஆளாளிடம் காசை எடுத்துக்கொண்டு குதித்து ஓடுபவன் வேறு யாராக இருக்க முடியும்?

ஞாயிற்றுக்கிழமை மாமாவின் காரில் பாலம் தாண்டி நிபோங் திபால் போனோம். அங்கிருந்து பைராம் தோட்டத்துக்குள் மாமாவின் தங்கை கோமதியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தேன். இருபுறமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. குலை ஏற்றிப்போன டிராக்டர் சிந்திய பழங்கள் மண்பாதையில் எண்ணெயாக நசுங்கிக் கிடந்தன. வண்டி வழுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி வாய்க்கால் ஓரத்தில் எங்களை வைத்தது. டேப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. என் பேன்ட் பின்பக்கம் ஆகிவிட்டது.

"நல்லவேள, நடுவுல கிழியல. ஓரமாத்தான்" என்று ஆறுதல் சொன்னார் கோமதி.

வீட்டுவாசலில் டேப்பை அவரிடம் கொடுத்ததும் மோட்டார் சைக்கிளில் வந்தவர் போனவர் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஆளாளுக்கு ஆட்டம் சொல்லித்தந்தார்கள். "அந்தச் செவப்பு, அந்தச் செவப்பு!" "கதவுகிட்ட போ லா!" கடல் தாண்டியும் நம் ஆட்கள் நம் ஆட்கள்தான். நான் மட்டும் ஜாதிக்காயைக் கடித்துக்கொண்டு ஊமையாகப் படமெடுத்தேன்.

கோமதி ஆட்டத்தில் சூரர். "பலே திருடன் லா இவன்! கெழவன்கிட்டகூட விடல பாரு. மூஞ்சியப் பாரு, திருட்டு முழி!"

வெறும் வட்டம். அதற்கு முழியே கிடையாது. ஆனாலும் ஜாதிக்காய் வாயிலிருந்து தெறித்து விழுந்தது. "திருடன் இல்லக்கா! அது எங்க அப்பா!"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. பிறகு கோமதி மெதுவாகக் கேட்டார்: "அப்பாவே இந்தத் தொழில்தானா?"

சிரிப்பு அடங்கவே வெகுநேரமாயிற்று. பஸ் ஸ்டாண்டு, வெள்ளரிப் பிஞ்சு எல்லாம் சொன்னேன். கோமதி மறுபடி ஆடினார். ஆனால் இப்போது ஆட்டம் மாறிவிட்டது. முட்டித் தள்ளவில்லை. பெரியவர்களுக்கு வழி விட்டார். எல்லாருக்கும் காய் போய்ச்சேர்ந்ததா என்று பார்த்தார். வண்டி கிளம்பி அவரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மூன்று முறையும் அப்படியே.

டேப்பைத் திருப்பித் தந்தபோது, "நீ சொல்லாமயே இருந்திருக்கலாம். திருடனா இருந்தப்ப நல்லா ஜெயிச்சேன்" என்றார்.

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போட்டேன். இங்கே எல்லாரும் உன்னைத் திருடன் என்கிறார்கள், ஆனால் அதுதான் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, அப்படியே விட்டால் வேலை கிடைத்தாலும் கிடைக்கும் என்றேன்.

"திருடன்னா போலீஸ் வந்து தொரத்துமா?"

"சேர்த்துக்கலாம்ப்பா."

"இப்பவும்தான் தொரத்துது" என்றார் அப்பா. "வேலை குடுத்தா இருந்துட்டுப் போறேன். நீ வெசனப்படாத."

அவர் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

திங்கட்கிழமை எல்லாப் படங்களையும் போட்டுக் காட்டினேன், நான் கத்தியதையும் சேர்த்து. வெட்டிவிடலாமா என்று யோசித்தேன், வெட்டவில்லை. அலுவலகமே விழுந்து சிரித்தது. ஓவியர் ஒருவர், "பேசாமல் திருடனாகவே வை. இரண்டு போலீஸ்காரர்களைப் போடு. தானாக ஓடும்" என்றார். பாதிப்பேர் தலையாட்டினார்கள்.

மிஸ் லிம் கோமதியின் படத்தை மட்டும் மறுபடி ஓட்டினார். "நீ சொன்ன பிறகு இவர் ஆடியது வேறு விளையாட்டு. உனக்கு எது வேண்டும்?"

"திருடன் வேண்டாம்" என்றேன். கண்ணாடி ஒட்டும் ஸ்டூல் கண்ணில் வந்துபோனது.

"அப்படியானால் நீ வாயால் சொன்னதை விளையாட்டு சொல்ல வேண்டும். மாலைவரை நேரம். இதைப் பார்த்திராத ஒருவர் ஆடுவார். அவரும் திருடன் என்றால் கைகுலுக்கிப் பிரிவோம்."

காசைச் சின்னதாக்கினேன். பச்சைப் புள்ளியை அழித்து, கீறி மிளகாய்ப்பொடி தடவிய முழு வெள்ளரிக்காய் வரைந்தேன். காசு வருமுன் காய் கைமாறியாக வேண்டும் என்று விதியை மாற்றினேன். வாங்கிய வட்டத்துக்கு வாய் திறக்கும், கடிக்கும். கடிக்கும் சத்தத்துக்கு எங்கே போவது? கீழே சோற்றுக்கடைக்கு ஓடி ஒரு வெள்ளரிக்காய் வாங்கி வந்து, மைக் முன்னால் உட்கார்ந்து கடித்தேன். சரியாக வரவில்லை, மறுபடி கடித்தேன். கால்வாசி அலுவலகம் தலைதூக்கிப் பார்த்தது. பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு முழுப் பருவம் பாடம் இருந்தது. அப்போது பல் கூசியதாக நினைவில்லை.

மாலையில் முதலில் கூப்பிட்டது வாசல் காவலரை. நேபாளத்துக்காரர். டேப்பை வாங்கியதுமே முகம் மலர்ந்து, "எங்கள் ஊர்ப் பஸ்ஸிலும் வெள்ளரிக்காய் விற்பார்கள்!" என்றார். நான் துள்ளினேன். மிஸ் லிம் தலையசைத்தார். "இவர் கணக்கில் வராது. இவருக்கு முன்பே தெரியும். இந்த ஊர் ஆள் வேண்டும்."

அடுத்து, கணக்கு எழுதும் ஊய் ஆன்டி. இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர், காலையில் நான் படம் காட்டியபோது வங்கிக்குப் போயிருந்தார். இத்தனை வருஷம் விளையாட்டுக் கம்பெனியில் இருந்தும் ஒரு விளையாட்டைக்கூடத் தொட்டதில்லையாம். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆடினார். முதல் தடவை பஸ் அவரைக் கொண்டுபோய்விட்டது. இரண்டாம் தடவை முன்வரிசையில் ஒருவரிடம் நின்றார். காய் போனது. வாய் திறந்தது. கறுக்.

ஆன்டி நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்தார். கறுக். கறுக். பின்படியில் சரியாகக் குதித்தார். அலுவலகத்தில் ஒரு விசைப்பலகைகூடத் தட்டப்படவில்லை. நான் என் நாக்கை இரண்டு பல்வரிசைக்கும் நடுவில் பிடித்துவைத்திருந்தேன்.

டேப்பை மேசையில் வைத்தார். திருடன் என்று சொல்லவில்லை. விற்பவன் என்றும் சொல்லவில்லை. கைப்பையைத் தேடினார்.

"எனக்குப் பசிக்கிறது" என்றார். "அந்தக் காய் கீழே இருக்குமா? அந்தச் சிவப்புத் தூளோடு?"

மிஸ் லிம் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். "இவருக்கு அறுத்துக் கொடு" என்றார் என்னிடம். "அடுத்த மாதம் சேர முடியுமா என்று பிறகு பேசலாம்."

ஆன்டியோடு நிற்கவில்லை. ஓவியர் வந்தார், நிரல் எழுதுபவர்கள் வந்தார்கள், காவலர் உரிமையோடு இரண்டு எடுத்துக்கொண்டார். பட்டம் வாங்கி, கடல் தாண்டி வந்து, என் முதல் நாள் உத்தியோகம் ஒரு கம்பெனிச் சமையலறையில் வெள்ளரிக்காய் கீறி மிளகாய்ப்பொடி தடவுவதாக அமைந்தது. சம்பளப் பேச்சு, ஆறு மாதப் பயிற்சிக்காலம், முதல் மாதம் சோதனையாளர் வேலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எல்லாரும் வாய் நிறைய மென்றுகொண்டிருக்கும்போதே முடிந்தது.

வெளியே வந்ததும் அப்பாவை அழைத்தேன். வேலை கிடைத்துவிட்டது, உன்னைத் திருடனாக்கவில்லை, கடைசியில் எல்லாரும் வெள்ளரிக்காய் கேட்டு வாங்கித் தின்றார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

மறுமுனையில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா கொஞ்சம் யோசித்தார்.

"சும்மாவா குடுத்த?" என்றார்.